அரசுப் பணியும் ஊர்த் தேர்தலும்

அரசுப் பணியாளர் ஒருவர் தம் ஊர் நகர மன்றத்திற்கோ பள்ளிக் குழுவிற்கோ தேர்தலில் நிற்கலாமா? நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் சட்டம் உறுப்பினர்களை நியமிக்கும் முறையை நிலைபெறச் செய்தது. எனவே ஊராட்சியைப் பொறுத்தவரை இவ்வினா இங்கு எழுவதில்லை. அஃது இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் அமெரிக்காவை நோக்குவோம்.

1938ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, அரசின் நிவாரணப் பணிகளில் கூலி பெற்ற ஏழைத் தொழிலாளர் ஆளுங்கட்சியினரை ஆதரிக்குமாறு வற்புறுத்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் விளைவாக 1939இல் பிறந்த சட்டம், அதனைக் கொணர்ந்த செனட்டர் கார்ல் ஹேட்ச்சின் பெயரால் வழங்குகிறது. மறு ஆண்டே, நடுவண் அரசின் நிதி கலந்த பணிகளைச் செய்யும் மாநில, ஊராட்சிப் பணியாளரும் அதன் வரம்புக்குள் வந்தனர்.

இச்சட்டம் எல்லாத் தேர்தல்களையும் விலக்கவில்லை. கட்சி சார்ந்த தேர்தலையே விலக்குகிறது. போட்டியிடுவோருள் ஒருவர் கட்சியின் பெயரால் நின்றாலும் போதும், அது கட்சித் தேர்தலாகிவிடும். நடுவண் பணியாளர் 'நான் சுயேச்சை' என்று கூறித் தப்ப இயலாது. ஊதியமில்லா விடுப்பில் சென்று நிற்கவும் இயலாது. ஆயினும் தலைநகர் வாஷிங்டனை அடுத்த மேரிலாந்து, வர்ஜீனியா ஊர்கள் பலவற்றில் குடிமக்களுள் பெருந்தொகையினர் அரசுப் பணியாளரே. அவர்களை ஒதுக்கினால் ஊர்ப்பொறுப்பை ஏற்க எவர் எஞ்சுவர்? ஆதலின் அங்குக் கட்சித் தேர்தலிலும் சுயேச்சையாக நிற்க இசைவு உண்டு.

பணியாளரும் குடிமகன் அல்லரோ என்ற வாதம் 1947இல் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. ஜார்ஜ் பூல் என்பார் பிலடெல்பியா நாணயச்சாலைத் தொழிலாளர்; ஓய்வு நேரத்தில் தம் வட்டாரத்தில் கட்சிப்பணி ஆற்றியவர். நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அவர் தோற்றார். இயந்திரத்தின்முன் நிற்கும் ஒரு தொழிலாளி எவரை அச்சுறுத்திவிடக்கூடும் என்ற ஐயம் நமக்கு இன்றும் எழவே செய்கிறது. மேலதிகாரிக்கு ஏற்ற விதி கடைநிலை ஊழியருக்கும் அப்படியே ஏற்றதாகுமா?

அதே நகரில் பின்னாளில் நிகழ்ந்தது நகைப்புக்குரியது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்க விரும்பினார். அவருடன் பணியாற்றிய மோப்ப நாய்க்கு நடுவண் அரசு நிதியளித்து வந்தது. அதுவே அவருக்குத் தடையாயிற்று! இத்தகைய நிலையை 2012ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றியது. மாநில, ஊராட்சிப் பணியாளருள் முழு ஊதியத்தையும் நடுவண் நிதியிலிருந்து பெறுவோர்க்கு மட்டுமே இப்பொழுது கட்சித் தேர்தலில் நிற்கத் தடை.

ஆசிரியர்களின் நிலை யாது? மாநில ஆதரவு பெறும் பள்ளிகளில் கற்பிப்போரை ஹேட்ச் சட்டம் தொடுவதில்லை. எனினும் தமக்கு ஊதியம் வழங்கும் பள்ளிக் குழுவிலேயே உறுப்பினராக அமர்வதைப் பல மாநிலச் சட்டங்கள் ஒப்புவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டால், பொறுப்பேற்குமுன் ஆசிரியப் பணியைத் துறத்தல் வேண்டும்.