பையைத் தடுக்க ஊருக்கு ஏலுமா?

"ஊர்க் குப்பைய ஊர்ச் சபைதானே அள்ளுது? அப்ப, பேக்க நிப்பாட்ட அதுக்கு ஏலாதா நானா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஏலாது என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

டெக்ஸாஸ் மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது லரேடோ நகரம். நாம் 'சிலிசிலி பேக்' என்போமே, கடையில் சாமான் போட்டுத் தரும் அந்த மெல்லிய பைகளுக்கு எதிராக அந்நகர சபை 2014இல் விதி கொண்டுவந்தது. எறியப்படும் பைகளைக் குறைத்து ஊரை அழகாக வைத்திருப்பதே நோக்கம் என்றது. வியாபாரிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2018 ஜூனில் மாநில உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று ஏகமனதாகத் தீர்த்தது.

பை நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நீதிபதிகள் போகவில்லை. திண்மக் கழிவு முகாமைத்துவத்துக்காக எந்தக் கொள்கலனின் அல்லது பொதியின் விற்பனையையும் பாவனையையும், மாநிலச் சட்டம் அனுமதிக்காத விதத்தில் உள்ளூராட்சி சபைகள் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டுச் சட்டமொன்று. பையும் கொள்கலன்தான், எறிந்த பையைக் குறைப்பதும் கழிவு முகாமைத்துவம்தான். தீர்ப்பின் சாரம் அவ்வளவே. ஒஸ்டின் நகரமும் 2013 முதல் வைத்திருந்த தடையைக் கைவிட்டது.

அரிசோனா இன்னும் ஒரு படி மேலே போனது. பைத் தடைகளைத் தடுத்து 2015இல் சட்டம் வந்தது. மாநிலச் சட்டத்தை மீறும் நகரத்துக்குரிய வருமானப் பங்கை நிறுத்தலாம் என்று 2016இல் இன்னொன்று. பிஸ்பி என்ற சின்ன நகரம் மீறுகிறது என்று 2017இல் சட்டமா அதிபர் சொன்னதும், அது தன் தடையை விட்டுக்கொடுத்தது.

மாநிலத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு விதி என்றால் பல ஊர்களில் கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? அமெரிக்க அரசியலமைப்பில் நகர சபை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அதன் அதிகாரம் மாநிலம் கொடுத்தது. கொடுத்த கை எடுக்கவும் செய்யும்.

ஆனால் ஒரே விதிதான் தேவையென்றால், மாநிலமே தடை போடலாமே! கலிபோர்னியா 2014இல் அப்படித்தான் சட்டம் இயற்றியது. 2016இல் வாக்காளர்களும் அதை அங்கீகரித்தார்கள். டெக்ஸாஸும் அரிசோனாவும் பைக்கு மாநிலத் தடை எதையும் போடாமல், ஊரின் கையை மட்டும் கட்டிவிட்டன.

"அப்ப, குப்பை மட்டும் ஊருக்கு" என்றார் நண்பர். அவர் சொன்னது சரிதான்.