250,000 கிலோமீட்டர் ஓடிய வேகன் காரை வாங்கலாமா?

எஸ்பிஎம் முடித்து வேலைக்குப் போகும் அண்ணன்மார் பலருக்கு முதல் கனவு ஒரு கார். புதிய கார் என்றால் பல வருடத் தவணை. அதனால் கண் பழைய காரின் பக்கம் திரும்புகிறது. அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் படும்: டர்போ பொருத்திய வேகன், நல்ல வேகம், பின்னால் குடும்பத்தின் சாமான்கள் எல்லாம் கொள்ளும் இடம், ஒரு சிறிய புதிய காரின் விலையில் ஒரு பங்குதான். ஆனால் மீட்டரில் 250,000 கிலோமீட்டர்.

வயது கூடிய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே கொடுக்கப்போவது பெரும்பாலும் குடும்பத்தின் சேமிப்புப் பணம். வாங்கிய மூன்றாம் மாதம் என்ஜின் போய்விட்டால் பணமும் போய்விடும், காரும் நின்றுவிடும். இந்த முடிவை எடுக்க இயற்பியலும் வேதியியலும் உதவுமா? நிச்சயமாக உதவும்.

எஸ்டேட் கார் என்றால் என்ன?

கூரை பின்பக்கம் வரை நீண்டு, பயணிகள் அமரும் பகுதியும் சாமான் வைக்கும் பகுதியும் ஒன்றாக இருக்கும் காரை நாம் வேகன் என்கிறோம். பிரிட்டனில் அதன் பெயர் எஸ்டேட் கார். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய எஸ்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிராமப்புறத்தில் பெரிய நிலபுலன்களோடு மாளிகை வைத்திருந்தவர்கள், ரயில் நிலையத்திலிருந்து விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றிவர வைத்திருந்த வண்டியிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

சாமான் ஏற்றும் வண்டி மெதுவாகத்தான் போகும் என்ற எண்ணத்தை 1990களில் சில கார்கள் மாற்றின. 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ நிறுவனம் தன் 850 ரக வேகனையே களத்தில் இறக்கியது. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். வெற்றிகள் கிட்டவில்லை. ஆனால் அந்தப் பெட்டி போன்ற காரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டு ஆவ்டி நிறுவனம் போர்ஷேயுடன் சேர்ந்து 315 குதிரைத் திறன் கொண்ட ஆர்எஸ்2 வேகனை வெளியிட்டது. ஜப்பானில் சுபாரு லெகசி வேகன் டர்போவோடு வந்தது.

நமக்கும் இந்தக் கார்களுக்கும் தொடர்பு உண்டு. 1960களின் இறுதியிலிருந்து ஷா ஆலமில் வால்வோ கார்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. ஜப்பானும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு. ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் அங்கு ஓடிய கார்கள் கப்பலேறி இங்கு வந்து ‘ரிகண்ட்’ கார்களாக விற்கப்படுகின்றன.

தூரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்

மீட்டர் காட்டுவது தூரத்தை மட்டும்தான். என்ஜின் தேய்வது எத்தனை முறை சுழன்றது, எத்தனை முறை குளிர்ந்து மீண்டும் சூடானது என்பதைப் பொறுத்தது. நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. இந்தச் சூத்திரத்தை இரண்டு கார்களுக்குப் பயன்படுத்திப் பார்ப்போம். இரண்டுமே 250,000 கிலோமீட்டர் ஓடியவை.

முதல் கார் கிள்ளானுக்கும் ஈப்போவுக்கும் நெடுஞ்சாலையில் போய்வந்தது. சராசரி வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடிய நேரம் ஏறக்குறைய 2,778 மணி. நிமிடத்திற்கு 2,500 சுழற்சி என்றால் மொத்தம் சுமார் 417 மில்லியன் சுழற்சிகள்.

இரண்டாவது கார் தினமும் காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தது. சராசரி வேகம் 25 கிலோமீட்டர். என்ஜின் ஓடிய நேரம் 10,000 மணி. நிற்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்திற்கு 1,500 சுழற்சி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 900 மில்லியன் சுழற்சிகள் வருகின்றன.

மீட்டரில் ஒரே எண். ஆனால் இரண்டாவது காரின் என்ஜின் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறது. நெரிசலில் பிரேக்கும் கியர்பெட்டியும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தக் கார் எங்கே ஓடியது?” என்பதுதான்.

எண்ணை மட்டும் கண்டு பயப்படத் தேவையில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கோர்டன் 1966-இல் ஒரு வால்வோ பி1800 கார் வாங்கினார். அது வேகன் அல்ல, இரண்டு கதவுக் கார். அந்த ஒரே காரில் 2013-இல் அவர் 3 மில்லியன் மைலைத் தாண்டினார். நம் கணக்கில் அது ஏறக்குறைய 4.8 மில்லியன் கிலோமீட்டர், பூமியை நிலநடுக்கோட்டில் 120 முறை சுற்றும் தூரம்! காலம் தவறாமல் எண்ணெய் மாற்றியதும், பெரும்பாலும் நீண்ட தூரம் ஓட்டியதும் காரின் ஆயுளைக் கூட்டின. அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? அறிவியல் ஆசிரியர்.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

பெட்ரோல் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணித்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், அதிகத் திறன் கிடைக்கும். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புகிறது. இதுதான் டர்போ. வால்வோ 850-இல் டர்போ இல்லாத 2.4 லிட்டர் என்ஜின் சுமார் 170 குதிரைத் திறன் தந்தது. அதைவிடச் சிறிய 2.3 லிட்டர் டர்போ என்ஜின் 225 தந்தது.

இந்தத் திறன் சும்மா வருவதில்லை. டர்போவின் அச்சு நிமிடத்திற்கு 100,000 முறைக்கு மேல் சுழலும். அதன் ஒரு பக்கம் பல நூறு பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் மாற்றாமல் விட்டால் அது கருகிப் படிந்து, வழி அடைத்து, அச்சு தேய்ந்துவிடும்.

எனவே கார் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், “நாளை காலையில் வருகிறேன்” என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போதுதான் புகை உண்மை பேசும்.

நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. டர்போவோ பிஸ்டன் வளையங்களோ தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசியலாம். காலையில் சிறிது நேரம் வரும் வெண்ணிற ஆவி வெறும் நீராவிதான், அது இயல்பு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் கூழ் போல் ஒட்டியிருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கலாம். நன்கு விசாரிக்காமல் அந்தக் காரைத் தொடாதீர்கள்.

மீட்டருக்குத் தெரியாத வயது

பல என்ஜின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் பட்டை. வால்வோ 850-இலும் அந்தக் கால சுபாரு லெகசியிலும் இப்படித்தான். என்ஜின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். இத்தகைய பல என்ஜின்களில், பட்டை அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தே நிற்கும். இரண்டும் மோதிக்கொள்ளும். சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜினையே மாற்றும் செலவாகிவிடும்.

ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, சும்மா நின்றாலும் கெடும். ஆக்ஸிஜனோடு நடக்கும் வேதிவினைதான் காரணம். வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலில் பயன்படும் தோராய விதி. நம் நாட்டு வெயிலில், போனட்டுக்கு அடியில், ரப்பர் குழாய்கள் எவ்வளவு விரைவில் முதுமை அடையும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே “20 வருடக் கார், மீட்டர் 90,000 மட்டும்தான்” என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல. பட்டை எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

குறைந்த எண்ணைச் சந்தேகிக்க இன்னொரு காரணமும் உண்டு. மீட்டரைத் திருப்பி எண்ணைக் குறைக்கும் மோசடி இன்னும் நடக்கிறது. எண்ணை மாற்றலாம், தேய்மானத்தை மாற்றுவது கடினம். 60,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகவும், ஸ்டியரிங் பளபளப்பாகவும், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்தும் இருந்தால் எதை நம்புவீர்கள்?

வேகம் என்றால் பிரேக்

இயற்பியலில் இயக்க ஆற்றல் படித்திருப்பீர்கள்: பொருண்மையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 1,600 கிலோகிராம் எடையுள்ள வேகன், நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது. அதாவது வினாடிக்கு 30.6 மீட்டர். ஆற்றல் சுமார் 750 கிலோஜூல். காரை நிறுத்த வேண்டுமானால் இந்த ஆற்றலின் பெரும்பகுதியைச் சில வினாடிகளில் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். 30 பாகையில் உள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும்!

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதியை அழுத்தினால் குமிழி சுருங்கும், பிரேக் பிடிக்காது. வேகமான காரை வாங்கும் யாரும் முதல் வாரத்திலேயே பிரேக் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் வீடுகளோடு கார்களும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மூழ்கிய கார் கழுவி மெருகேற்றப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரலாம். மின் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்று நீரில் உப்புகள் கரைந்திருக்கும். அதில் மின்னோட்டம் பாயும்போது மின்பகுப்பு நடந்து, செம்பு முனைகள் பச்சை பூத்து அரிக்கும். பழுது பல மாதங்கள் கழித்தே தெரியவரும்.

இருக்கை வாரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? வேகன் காரில் பின்கதவின் ரப்பர் விளிம்பு பெரியது, மழைநீர் கசிய இடம் அதிகம். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு உப்புக் காற்று துருவை விரைவுபடுத்தும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் கணக்கு

உரிமை மாற்றத்திற்கு முன் புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் பி5 பரிசோதனை கட்டாயம். என்ஜின் எண், சட்ட எண், பிரேக், புகை ஆகியவற்றை அங்கே பார்ப்பார்கள். ஆனால் என்ஜின் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று சொல்வது அவர்கள் வேலை அல்ல. அதற்கு உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரரை அழைத்துச் செல்ல வேண்டும்.

சாலை வரியையும் கணக்கிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள காருக்கு, 1,800 சிசிக்கு மேல் 2,000 வரை அடிப்படை வரி 280 வெள்ளி, கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. 2,000க்கு மேல் 2,500 வரை 380 வெள்ளி, கூடுதல் சிசிக்கு 1 வெள்ளி. ஆகவே 1,994 சிசி சுபாருவுக்கு 377 வெள்ளி. 2,319 சிசி வால்வோவுக்கு 699 வெள்ளி. அதற்கு மேல் 3,000 வரை 880 வெள்ளி, கூடுதல் சிசிக்கு 2.50 வெள்ளி. 3,000 சிசி காருக்கு வரி 2,130 வெள்ளி! என்ஜினைப் பெரிதாக்காமல் திறனைக் கூட்டும் டர்போவுக்கு இங்கே ஏன் மவுசு என்பது இப்போது புரிகிறதா?

காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறையும். அதன் உதிரிப் பாகங்களின் விலை அப்படிக் குறைவதில்லை. கையில் உள்ள பணம் முழுவதையும் கொடுத்து இத்தகைய காரை வாங்குபவர்தான் சிக்குகிறார். விலையைக் கொடுத்த பிறகும் டைமிங் பெல்ட், பிரேக், டயர், குளிர்விக்கும் குழாய்கள் ஆகியவற்றை மாற்றப் பணம் மிஞ்சினால் வாங்கலாம். மிஞ்சாவிட்டால் வேகத்தை மறந்து, சிறிய காரைத் தேடச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் காரின் டயர் ஓரத்தில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். உங்கள் டயருக்கு என்ன வயது?

2. பள்ளிக்குப் போகும் தூரத்தையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்துச் சராசரி வேகத்தைக் கண்டுபிடியுங்கள். மீட்டரில் உள்ள எண்ணை அதனால் வகுத்தால், அந்த என்ஜின் எத்தனை மணி நேரம் உழைத்திருக்கும் என்று தோராயமாகத் தெரியும்.

3. காரின் ஒரு மூலையைப் பெரியவர் ஒருவர் அழுத்திவிடட்டும். ஒரு முறை எழுந்து நின்றுவிட்டால் அப்சோர்பர் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் அலைவைத் தணிக்கும் ஆற்றலை அது இழந்து வருகிறது. பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.