எந்தக் கிளையில் நிற்கிறோம்?

மன்னார் மாவட்டத்தின் பெரியமடு மக்கள், 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் அடங்குவர். அவர்களுட் பலர் புத்தளத்தில் வாழ்ந்து, 2009 இற்குப் பின்னரே மீளக்குடியமரத் தொடங்கினர். இத்தகைய குடும்பத்தின் பதிவில் சொந்த ஊர் வேறு, தற்போதைய வதிவிடம் வேறு. நிவாரணம் எங்கே செல்லவேண்டும் என்பதை இரண்டாவதே கூறும்.

இவ்வாறான பதிவுகளைப் பேணும் மென்பொருளை எழுதுவோருக்கும் ‘இப்போது எங்கே’ என்னும் வினா உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. எமக்குப் பெருமை தரும் செய்தியே. ஒரே மென்பொருளைப் பல நாட்டுத் தேவைகளுக்கு மாற்றும்போது, மூலநிரல் பல கிளைகளாகப் பிரிகின்றது. எழுதுபவர் எக்கிளையில் நிற்கிறார் என்பதைக் கணினி எவ்வாறு அறிகின்றது?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் ஆக்கிய ‘கிற்’ முறைமையின் விடை வியப்பூட்டுமளவு எளிது. ‘ஹெட்’ எனும் சிறு கோப்பில் ஒரே ஒரு வரி. அதில் நடப்புக் கிளையின் பெயர். கிளை என்பதும் நிரலின் பிரதியன்று. கடைசிப் பதிவின் அடையாளமாகிய, வழமையாக 40 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு சுட்டி மாத்திரமே. புதிய பதிவு செய்தால் கிளையின் சுட்டி முன்னகரும், ‘ஹெட்’ மாறாது. வேறு கிளைக்குத் தாவினால் ‘ஹெட்’ வரி மாற்றி எழுதப்படும். கோப்புகளும் அக்கிளைக்கேற்ப மாறும்.

முந்திய சி.வி.எஸ். முறைமையில் இக்குறிப்பு ஒவ்வோர் அடைவிலும் தனித்தனியே இருந்தது. ஒரே வேலைத்தளத்தின் ஒரு பகுதி ஒரு கிளையிலும் மறுபகுதி இன்னொன்றிலும் நிற்க இடமிருந்தது. அக்குழப்பத்தைப் பட்டவர்களே அறிவர்.

ஆனால் கிற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய பதிவொன்றைப் பார்க்க நேரே அதன் அடையாளத்தைக் கொடுத்துச் சென்றால், ‘ஹெட்’ கோப்பில் கிளையின் பெயருக்குப் பதிலாக அந்த அடையாளமே எழுதப்படும். எக்கிளையையும் சாராத நிலை இது. அங்கிருந்து செய்யும் புதிய பதிவுகளை எந்தக் கிளையும் சுட்டாது. வேறு கிளைக்குத் திரும்பியதும் அவை பார்வையிலிருந்து மறையும். உடனே அழிவதில்லை, ‘ஹெட்’ சென்றுவந்த இடங்களின் நாட்குறிப்பில், இயல்பான அமைப்பில் 30 நாட்களேனும் தடம் எஞ்சும். அதன் பின்னர் துப்புரவுப் பணியில் நீக்கப்படலாம். முகாமொன்றின் பெயர்ப்பதிவைத் திருத்த எழுதிய நிரல் இவ்வாறு தொலைந்தால், அந்தப் பிழை திருத்தப்படாமலே பயன்பாட்டிற்குச் செல்லும்.

எமது மாணவர்களுக்குக் கட்டளைகளை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர்கள், அந்த ஒற்றை வரிக் கோப்பை ஒருமுறை திறந்து காட்டுதல் வேண்டும். ‘ஸ்டேட்டஸ்’ கட்டளையின் முதல் வரியே நடப்புக் கிளையைச் சொல்லிவிடும். கிளையற்ற நிலையில் எழுதிவிட்டதாகத் தெரிந்தால், அவ்விடத்தை விட்டு அகலுமுன் புதிய கிளையொன்றை அங்கேயே உருவாக்கினால் போதும். பதிவுகள் அனைத்தும் அதன் பெயரில் நிலைக்கும்.