கலைவாணர் கற்பித்த நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைக்கும்போது நகையை முதலிடத்தில் வைத்துள்ளார். அழுகையும் பெருமிதமும் வெகுளியும் அதன் பின்னரே வருகின்றன. நகை தோன்றுதற்குரிய நிலைக்களங்களாகப் பிறரை இகழும் எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினை அவர் சுட்டுகின்றார். ஆண்டுதோறும் இப்பகுதியை யாம் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆயினும், இந்நான்கனுள் எது நகைப்பவனை உயர்த்தும், எது தாழ்த்தும் என்னும் வினாவை எம்முள் எழுப்பியது நூலன்று. எம் கண்முன் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்றேயாகும்.

துறை மன்றக் கூட்டமொன்றில் மாணவர் ஒருவர் பலகுரல் நிகழ்ச்சி நடத்தினார். நடிகர்களைப் போலவும் தலைவர்களைப் போலவும் பேசியவர், இறுதியாகத் தம்முடன் பயிலும் ஒருவரின் பேச்சை அப்படியே நடித்துக் காட்டினார். அவ்வாறு நடித்துக் காட்டப்பட்டவர், நகரின் நடுப்பகுதியிலிருந்து குடிபெயர்க்கப்பட்டுப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர். அரங்கம் அதிர நகைத்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த யாமும் நகைத்தோம். அடுத்த நான்கு நாள்கள் அம்மாணவரின் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அந்நாள்களில் எம் நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஆவார்.

இளமையும் மேடையும்

அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் கலைவாணர் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வறுமை அவருடைய பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே நிறுத்திவிட்டது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் சிறுவனாக நுழைந்தவரை மேடை ஈர்த்துக் கொண்டது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு அவருக்கு முதற்பள்ளியாயிற்று, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு அவருக்குக் கல்லூரியாயிற்று. பாடமும் பாட்டும் ஒழுங்கும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன.

1935இல் ‘மேனகா’, 1936இல் ‘சதிலீலாவதி’ ஆகிய படங்களின் வாயிலாகத் திரையுலகில் அவர் அடியெடுத்து வைத்தார். உடன் நடித்த டி.ஏ.மதுரம் அவர்தம் வாழ்க்கைத் துணைவியும் ஆனார். நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவினரைக் கொண்டு தாமே உருவாக்கிப் படத்தோடு இணைப்பது கலைவாணரின் வழக்கம். அதனால் பிறர் எழுதித் தந்ததை ஒப்பிக்கும் நடிகராக மட்டும் அவர் நில்லாமல், தம் கருத்தைத் தாமே உரைக்கும் கலைஞராக விளங்கினார். 1941இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் படத்தில் கதைத்தலைவராகவே தோன்றினார். அராபியக் கதையொன்று நாஞ்சில் நாட்டுக் கலைஞரின் நகைச்சுவையால் தமிழ்க் கதையாயிற்று.

சிறையும் மீட்சியும்

1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆராயப்பெற்று, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாழ்வு அவ்வாறு முடிவுற்றது. அக்காலத்தில் மதுரம் அம்மையார் எஸ்.வி.சகஸ்ரநாமம் முதலியோர் துணையுடன் நாடகக் குழுவைக் கலையாமற் காத்து, ‘பைத்தியக்காரன்’ நாடகத்தைத் திரைப்படமாக்கவும் செய்தார்.

குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்று மீண்ட மனிதரின் நகையில் கசப்புக் கலந்திருப்பின், அதனை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய நகை முன்னினும் கனிவுடையதாயிற்று. அதற்குச் சான்றாக அமைவது ‘கிந்தனார்’ கதாகாலட்சேபமாகும்.

கிந்தனார் காட்டும் நெறி

நந்தனார் சரித்திரத்தின் போக்கிலே அமைந்த நகைச்சுவைக் கதை இது. உடுமலை நாராயண கவி கலைவாணரின் கருத்துக்குப் பாட்டு வடிவம் தந்த புலவர். நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த கிந்தன் கல்வியைப் பெற ஏங்குகின்றான். பட்டணம் சென்று பயின்று, கல்வித்துறை அதிகாரியாக ஊர் திரும்புகின்றான். சி.என்.அண்ணாதுரை எழுதி 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் இக்கதை இடம்பெற்றது.

இதில் நகைக்கு இலக்காவது யார் என்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கிந்தனின் பேச்சோ உடையோ குடியோ இலக்கன்று. கல்வியை ஒரு சாராரின் உடைமையாகக் கருதிய மடமையே இலக்கு. எள்ளலை மனிதர்மேல் ஏவாது மடமையின்மேல் ஏவியதும், பேதைமையைப் பிறர்மேல் ஏற்றாது தாமே பூண்டு நடித்ததும் கலைவாணரின் தனித்திறமாகும். அவையோர் அவரைக் கண்டு நகைத்தனர். நகைத்து முடித்தபின் தம்மைத் தாமே எண்ணிப் பார்த்தனர்.

1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ ஆகிய படங்களை அவர் இயக்கினார். காந்தியடிகளுக்கு நாகர்கோவிலில் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் போன்ற இளைஞர்களைச் சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தார். ஈட்டியதையெல்லாம் ஈந்து, 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், 48ஆம் வயதில் மறைந்தார். 1969 சனவரியில் அன்றைய முதலமைச்சர் அண்ணா சென்னையில் அவர்தம் சிலையைத் திறந்து வைத்தார். 2016இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பெற்ற கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நிறைவாக

பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் 2022இல் திறக்கப்பெற்றது. அதே பெரும்பாக்கத்தில்தான் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உள்ளன. தொல்காப்பியம் ஆராயப்படும் இடமும், கிந்தர்கள் பலர் கல்வி நாடிப் புறப்படும் வீடுகளும் ஓரூரிலேயே இருக்கின்றன. ஒன்றில் கற்ற நகையிலக்கணத்தை மற்றொன்றின் பிள்ளைமேல் எறியும் கல்லாக ஆக்கலாகுமோ?

அம்மாணவர் ஐந்தாம் நாள் வந்தார். அவரைத் துறைக்கு அழைத்து, மன்றத்தில் யாமும் நகைத்தமைக்கு வருத்தம் தெரிவித்தோம். “பரவாயில்லை ஐயா” என்று தலைகுனிந்து சொல்லிச் சென்றார். அச்சொல் எம்மைத் தேற்றவில்லை. பலகுரல் வல்ல மாணவரையும் தனியே அழைத்து, அவர்தம் திறமையைப் பாராட்டிக் கிந்தனார் கதையைக் கேட்கச் சொன்னோம்.

அன்பு மாணவர்களே! நகையுங்கள், நகையற்ற கல்வி வறண்ட நிலம். ஆயின் நகைக்கும்போது, யாரைக் குறித்து நகைக்கின்றீர்களோ அவரும் உங்களுடன் சேர்ந்து நகைக்க இயலுமா என்று ஒருகணம் எண்ணுங்கள். இயலுமாயின் அது கலைவாணர் கற்பித்த நகை. இயலாதாயின், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எம்மைப் போன்றோர் நகைத்தாலும், அதனை நிறுத்திவிடுங்கள்.