காயலில் மைனஸ் ஒளி

கொச்சியின் கொச்சங்காடிக்குக் கிழக்கே மட்டாஞ்சேரிக் கால்வாய், அதற்கப்பால் வில்லிங்டன் தீவு, தெற்கே வேம்பநாட்டுக் காயல். ஆற்று வண்டலும் நகரத்துச் சாக்கடையும் ஓதமும் கலக்கும் இந்த ஆழமற்ற நீரின் தரத்தைச் செயற்கைக்கோள் ‘அளக்கிறது’ என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அது பார்ப்பது நிறத்தை மட்டுமே. பாசியின் பச்சையம், மிதக்கும் வண்டல், இலைதழை மட்கிக் கரைந்த பழுப்பு ஆகிய மூன்றும் நிறத்தில் தெரியும். கோலிஃபார்ம் கிருமியோ பாதரசமோ தெரியாது. ‘தரம்’ என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை.

1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். 1978இல் நாசாவின் நிம்பஸ்-7, 1999இல் இஸ்ரோவின் ஓஷன்சாட்-1 வானிலிருந்து கடலின் நிறம் பார்த்தன. ஓஷன்சாட்டின் ஒரு படப்புள்ளி 360 மீட்டர் என்பதால் கால்வாயில் கரையும் நீரும் ஒன்றாகிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 10 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். வரலாறு இது போதும்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் நீருக்குள் போய்த் திரும்பியது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் காற்றும் தூசும் சிதறடித்தது. மட்டாஞ்சேரி மிளகுக்கடையில் சாக்கு எடையைக் கழிப்பது போல அதைக் கழிக்க வேண்டும். ஆனால் இங்கே சாக்கு ஒன்பது கிலோ, மிளகு ஒரு கிலோ. தெளிந்த கடல் அண்மை அகச்சிவப்பை அநேகமாக முழுக்க விழுங்கிவிடும். ஆகவே அந்த அலைநீளத்தில் வருவதெல்லாம் காற்றின் ஒளி, அதாவது வெறும் சாக்கு. அதை வைத்து நீலத்திலும் பச்சையிலும் கழிக்க வேண்டியதைக் கணக்கிடுகிறார்கள். காயலிலோ வண்டல் அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. வெறும் சாக்கென்று எடைபோட்டதன் மூலையில் இரண்டு பிடி மிளகு ஒட்டியிருக்கிறது! கழிவு கூடிப்போய், பூஜ்யத்துக்கும் கீழே மிளகு இருப்பதாகக் கணக்கு நிற்கும். நீல ஒளி மைனஸில் வரும். இயற்கையில் அப்படியொரு ஒளி கிடையாது; படக்கோப்புகளில் தாராளமாக உண்டு.

சென்டினல்-2இல் இதற்கு மாற்று இருக்கிறது. 1610, 2190 நானோமீட்டர் பட்டைகளில் கலங்கிய நீரும் ஏறக்குறைய கருப்புதான். சாக்கை அங்கே எடைபோடலாம். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து நீலம் வரை கணக்கை நீட்டும்போது சிறு பிழையும் பெருத்துவிடுகிறது. அதையும் தாண்டினால், பழுப்பும் பச்சையமும் இரண்டுமே நீலத்தை விழுங்குபவை. ஆழ்கடலுக்கு எழுதிய சூத்திரம் பழுப்பைப் பாசி என்றே படிக்கும். அதனால் காயலில் 665, 705 நானோமீட்டர் சிவப்புப் பட்டைகளை ஒப்பிடுவது மேல். லட்சத்தீவின் தெளிந்த நீரில் அடித்தரை தெரிந்து குழப்பும். கொச்சியின் கலங்கல் அந்தத் தொல்லையையாவது மிச்சப்படுத்துகிறது.

2018 வெள்ளத்துக்குப் பின் வேம்பநாட்டில் நடந்த ஆய்வில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கொச்சியின் நான்சென் ஆராய்ச்சி மையமும் பங்கேற்றன. முப்பரிமாண அச்சில் செய்த சிறிய செக்கித் தட்டுகளைத் தன்னார்வலர்கள் காயலில் இறக்கி அளந்தார்கள். மழைக்காலத்தில் வண்டல் வந்து குவியும்போது மேகம் மூடி, செயற்கைக்கோளுக்கு ஒன்றும் தெரியாது; தட்டுக்குத் தெரியும். மேகம் விலகினாலும் சென்டினல்-2 காலை பத்தரை மணியளவில், ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் கடக்கிறது. ஒரு படம் ஏற்றத்திலும் அடுத்தது இறக்கத்திலும் விழலாம். இரண்டுக்கும் இடையே தெரியும் மாற்றம் மாசா, ஓதமா என்பதை ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.