ஒரே பந்தியில்

குறிஞ்சாக்கேணியிலே கல்யாண விருந்தென்றால், ஒரே சஹனைச் சுற்றிச் செல்வரும் வறியரும் அமர்ந்து உண்பதைக் காண்கிறோம். நமக்கு இயல்பான இவ்வழக்கம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒருகாலத்தில் பெரும் பிரச்சினையாயிற்று.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், 1964ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த அட்லாண்டாவில் பாராட்டு விருந்தொன்று ஏற்பாடாயிற்று. வெள்ளை வர்த்தகப் பிரமுகர் பலரோ அதற்கு வரத் தயங்கினர். நுழைவுச்சீட்டுகள் தேங்கிக் கிடந்தன. இத்தகைய ஊரில் தம் நிறுவனம் இருப்பது இழுக்கு என்று கொக்கா-கோலாத் தலைவர் போல் ஒஸ்ரின் இடித்துரைத்தார் என்பர். பின்னர் சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்தன. 1965 சனவரி 27 இரவு, இரு இனத்தவருமாக ஏறத்தாழ 1,500 பேர் ஒருங்கே அமர்ந்து உண்டனர்.

இது அயலார் கதை மட்டுமன்று. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலும் சம ஆசனம், சம போசனம் என்பவற்றுக்காகப் போராட நேர்ந்தது. சாதியின் பேரால் ஒருவரை விலக்குவதை 1957ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும், சட்டம் கதவைத்தான் திறக்கும். அருகில் இடம் தரவேண்டியவர் நாமே. மாணவர்களே, அடுத்த விருந்தில் ஒதுங்கி நிற்பவரை முதலில் அழையுங்கள்!