பச்சை விழுந்த பின் கேட் திறக்கலாமா? - நிலைப்பொறிக்கு ஏற்ற லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தல்

திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதை பாவூர்சத்திரம் வழியே செல்கிறது. இப்பகுதி மாணவர்கள் நன்கறிந்த ரயில்வே கேட்டையே பைத்தான் செயல்திட்டத்துக்குக் கருப்பொருளாகத் தரலாம்.

சைகையோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்ட பிறகே ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை இருக்கும்வரை கேட் திறக்காது. இதை நான்கு நிலைகளாக எழுதலாம்:

1. திறந்துள்ளது: 'மூடு' என்றால் 2-க்குச் செல்லும்.
2. பூட்டியுள்ளது: 'பச்சை கொடு' என்றால் 3-க்கும், 'திற' என்றால் 1-க்கும் செல்லும்.
3. பச்சை விழுந்துள்ளது: 'ரயில் வந்தது' என்றால் 4-க்குச் செல்லும்.
4. ரயில் கடக்கிறது: 'ரயில் கடந்தது' என்றால் 2-க்குத் திரும்பும்.

3, 4 ஆகிய நிலைகளில் 'திற' இல்லை என்பதைக் கவனியுங்கள். உயிரைக் காப்பது அந்த இல்லாத வரிதான். இப்படி நிலைகளையும் நிகழ்வுகளையும் வரையறுத்து இயங்குவதே நிலைப்பொறி. பதினோராம் வகுப்பில் வரும் உழவர், ஆடு, புல்கட்டு, ஓநாய் புதிரிலும் நிலை என்னும் இதே கருத்துதான் உள்ளது.

இதை நிரலாக்க லைப்ரரி தேவையா? தேவையெனில் எது? 'பச்சை விழுந்த நிலையில் திற என்று சொன்னால் என்ன செய்யும்?' என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பைத்தான் டிக்ஷனரி: நிலை, நிகழ்வு இரண்டையும் சேர்த்துத் திறவுகோலாகவும், அடுத்த நிலையை மதிப்பாகவும் எழுதினால் ஐந்தே பதிவுகள். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் பிழை காட்டி நிற்கும். எதையும் நிறுவ வேண்டாம். இணையம் இல்லாத ஆய்வகத்திலும் இயங்கும்.

டிரான்சிஷன்ஸ்: இது பைத்தானுக்கான லைப்ரரி. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிழை காட்டும். ஆனால், எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் நேரே தாவும் கட்டளைகளையும் அது தானாகவே உருவாக்கிவிடும். அவ்வழியே பச்சையிலும் கேட் திறக்கும். எனவே, 'ஆட்டோ டிரான்சிஷன்ஸ்' வசதியை முதலிலேயே நிறுத்த வேண்டும்.

எக்ஸ்ஸ்டேட்: ஜாவாஸ்கிரிப்ட்டுக்கானது. டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட நிலைவரைபடக் கருத்தைப் பின்பற்றுகிறது. நிலைக்குள் நிலை, ஒரே நேரத்தில் இயங்கும் நிலைகள் ஆகியவற்றை எளிதாகக் கையாளும். பட்டியலில் இல்லாத நிகழ்வைப் பிழை காட்டாமல் புறக்கணிக்கும். கேட் திறக்காது, ஆனால் தவறான கட்டளை வந்ததும் தெரியாது.

நான்கு நிலைகளுக்கு டிக்ஷனரியே போதும். இரட்டைப் பாதை, எச்சரிக்கை மணி, விளக்கு எனத் திட்டம் வளரும்போது லைப்ரரிக்கு மாறலாம். அப்போதும் முதலில் வரைய வேண்டியது தாளில் அட்டவணையே.

தொடக்க வகுப்புகளில் கணினியே வேண்டாம். தரையில் நான்கு வட்டங்கள் வரைந்து ஒரு குழந்தையை நிற்க வையுங்கள்; மற்றவர்கள் கட்டளை சொல்லட்டும். பச்சை வட்டத்தில் நிற்கும் குழந்தை 'திற' என்றதும் நகராமல் நின்றால், பாடம் புரிந்துவிட்டது.